எனக்காகப் போட்ட கையெழுத்து

அன்று டவுன் ஹாலின் கீழ்த்தளத்து அறையில் இருந்தவர்கள்: ஊர் ஓட்டு வேலைகளைக் கவனிக்கும் டவுன் கிளார்க் அம்மையார், அவருக்கு உதவியாக ஓர் இளம்பெண், எங்கள் மாலை வகுப்பு டீச்சர், எங்களுக்காக வந்த வக்கீல், எங்கள் மாதா கோவில் ஆட்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்த அக்கா, என் மனைவி, என் மகள், நான். எட்டுப் பேர். சுவரோரம் இரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவற்றில் உட்கார யாரோ வரப்போகிறார்கள், வருகிறவர் போலீஸ்காரராக இருப்பார் என்று எனக்குள் ஓர் எண்ணம். கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை.

என் சுபாவம் அப்படி. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் காரைத் திருப்பச் சொல்கிறவன். குடியுரிமை கிடைத்த நாளில்கூட, சர்டிபிகேட்டில் ஏதாவது தப்பு இருந்து திரும்ப வாங்கிக்கொள்வார்களோ என்று இரவெல்லாம் அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன். மனைவி நர்ஸ். அவள் வேலைக்கு வந்த நாடு இந்த அமெரிக்கா. அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். தூத்துக்குடியில் எட்டாம் வகுப்பு பாதியில் நின்று உப்பளத்தில் உப்பு வாரப் போனவன், இங்கே ஐசலினில் ஒரு மளிகைக் கடையில் லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். முதுகு ஒரு நாள் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுப்பதாக அக்காதான் சொன்னார். மூட்டை தூக்க வேண்டாம், மருத்துவக் காப்பீடு உண்டு. ஆனால் பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழ் வேண்டும்.

"நாப்பத்தாறு வயசுல போயிப் படிக்கவாக்கா?"

"நான் அம்பத்திரண்டுல படிச்சேன். நீ என்னடே, பெயிலாயிருவோம்னு பயப்படுதியா, பாஸாயிருவோம்னு பயப்படுதியா?"

அக்கா எங்களுக்குச் சொந்தமில்லை. பாளையங்கோட்டைக்காரர், கணவர் இல்லை, மாதம் ஒரு தமிழ்ப் பூசைக்கு ஆள் சேர்ப்பதும் பாட்டுப் புத்தகம் எடுத்து வைப்பதும் அவர் பொறுப்பு. அதே மாலை வகுப்பில் படித்துத் தேறி, ஒரு டேகேரில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாத குறையாக என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

வகுப்பு நடந்தது ஒரு பழைய செங்கல் கட்டிடத்தில். நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆண் பிள்ளைகளுக்கு ஒரு வாசல், பெண் பிள்ளைகளுக்கு ஒரு வாசல், இரண்டுக்கும் மேலே கல்லில் எழுத்து. முதல் நாள் எந்த வாசலில் போக வேண்டும் என்று தெரியாமல் மழையில் நின்றேன். எங்கள் டீச்சர் எழுபதைத் தாண்டிய அமெரிக்க அம்மாள். ஜன்னலைத் திறந்து, "இப்போது எல்லா வாசலும் எல்லோருக்கும்தான், வாருங்கள்" என்றார்.

பரீட்சை நான்கு பாடம். கணக்கில் தேறினேன். அறிவியலில் தேறினேன். ஆங்கிலம் இரண்டாவது தடவையில் வந்தது. மீதி இருந்தது சமூக அறிவியல், அதாவது இந்த நாட்டின் வரலாறும் சட்டமும். அதில்தான் சீர்திருத்தக்காரர்களைப் பற்றிய பாடம் வந்தது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஆலைகளில், சுரங்கங்களில், கண்ணாடித் தொழிற்சாலைகளில் சின்னப் பிள்ளைகள் வேலை செய்தார்கள் என்றார் டீச்சர். அதைப் பார்க்கப் பொறுக்காத சிலர் படம் எடுத்தார்கள், பத்திரிகையில் எழுதினார்கள், பிள்ளை பள்ளிக்கூடம் போயே ஆக வேண்டும் என்று சட்டம் கேட்டார்கள். திரையில் ஒரு படம் காட்டினார். கண்ணாடித் தொழிற்சாலைப் பையன். பதினொன்றோ பன்னிரண்டோ வயதிருக்கும். முகத்தில் கரி. கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றான்.

அந்த இடுக்கல் எனக்குத் தெரியும். அவனுக்கு உலையின் வெளிச்சம். எனக்கு உப்பின் வெளிச்சம். வெயிலில் உப்புப் பாத்தி ஒரு வெள்ளைத் தகடு போல அடிக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகும் கண் விரியாது. நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே போய்விட்டு வந்தேன்.

எங்கள் கட்டிடமும் அந்தச் சீர்திருத்தக்காரர்கள் கட்டச் சொல்லிக் கேட்டதுதான். பகலில் பிள்ளைகள், மாலையில் களிமண் தொழிற்சாலையிலிருந்து வரும் இத்தாலிக்காரர்கள், ஹங்கேரிக்காரர்கள், அவர்களின் மனைவிமார். கீழே ஒரு சமையல் வகுப்பறை இன்னும் இருந்தது. "அங்கே அந்தப் பெண்களுக்குக் கஞ்சி காய்ச்சச் சொல்லிக் கொடுத்தார்கள், பூண்டு போடாதீர்கள் என்றும் சொன்னார்கள்" என்று டீச்சர் சிரித்தார். "நல்ல மனிதர்கள்தான். பூண்டு வாசம் மட்டும் அவர்களுக்கு ஆகாது." என் பையில் ரசம் சோறு இருந்தது. காலால் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினேன். அதையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

இன்னொரு பாடம். அந்தக் காலத்து நகரங்களில் தெருவுக்கு ஒரு பெரிய மனுஷன். வேலை வாங்கிக் கொடுப்பான், குளிருக்குக் கரி கொடுப்பான், தெருவிலுள்ள அத்தனை பேரின் ஓட்டையும் அவனே போட்டுவிடுவான். இதை ஒழிக்கத்தான் சீர்திருத்தக்காரர்கள் புது விதிகள் கொண்டுவந்தார்கள். ஜனங்களே கையெழுத்துப் போட்டு ஒரு தீர்மானத்தை ஓட்டுக்கு விடச் சொல்லலாம். ஆனால் அவரவர் கையெழுத்தை அவரவர் போட வேண்டும். நான் இதை நோட்டில் எழுதிக்கொண்டேன். பரீட்சைக்கு வரும் என்று எழுதினேன். வீட்டுக்கு வரும் என்று நினைக்கவில்லை.

அந்த வசந்தத்தில் டவுன் கவுன்சில் எங்கள் கட்டிடத்தை விற்கத் தீர்மானம் போட்டது. அபார்ட்மென்ட் வரப்போகிறது. மாலை வகுப்புக்கு வேறு இடம் இல்லை. டீச்சர் எங்களிடம் பாடத்தில் படித்ததையே எடுத்துச் சொன்னார்: ஊர் வாக்காளர்களில் போதுமான பேர் கையெழுத்துப் போட்டால், விற்பதா வேண்டாமா என்று ஊரே ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம். ஐந்து பேர் முன்னால் நிற்க வேண்டும். டீச்சர், அக்கா, வகுப்பில் கூடப் படித்த இருவர், ஐந்தாவதாக நான். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். ஃபீஸைக் குறைத்துக்கொள்கிறேன், ஆனால் அதைக் கொடுப்பதாக ஐந்து பேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். என் முறை வந்ததும் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். நேரமானது. வக்கீல் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் கையெழுத்து என் வேலையில்லை. வந்த புதிதில் வாடகை ஒப்பந்தம், பேங்க், மகளின் பள்ளிக்கூடத் தாள்கள் எல்லாமே ஆங்கிலம். மனைவிதான் படித்துப் பார்ப்பாள், அவள் பெயரை எழுதுவாள், அதே மூச்சில் கீழே என் பெயரையும் எழுதிவிடுவாள். அழகான, சாய்ந்த எழுத்து. எனக்கே அது என் கையெழுத்தாகப் பழகிவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. இங்கே எனக்குத் தெரிந்த பாதி வீடுகளில், ஆங்கிலம் யாருக்கு ஓடுகிறதோ அவர் கை இரண்டு பேருக்கும் கை.

தமிழ்ப் பூசை முடிந்து கோவிலின் அடித்தளக் கூடத்தில் எல்லோரும் டீ குடிக்கும்போது அக்கா கையெழுத்து வாங்கினார். நான் சமையலறையில் வடை போட்டுக்கொண்டிருந்தேன். பரிமாறும் ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது.

"அக்கா, அவர் பார்க்கிங்ல பிள்ளையத் தூங்க வச்சிட்டிருக்கார். கூப்பிட்டா முழிச்சிரும்."

"அவருக்கும் நீயே போடு. கவர்னர் கையெழுத்தா என்ன, இவரே வந்து போடணும்னு" என்றார் அக்கா.

"எங்க வீட்டு லோனுக்கே நான்தான் ரெண்டு கையெழுத்தும் போட்டேன்."

"அப்ப வீடு உனக்கு, லோன் அவருக்குன்னு சொல்லு."

சிரிப்பு. அதில் என் மனைவியின் குரலும் இருந்தது. நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தாள். "எங்க வீட்ல அந்த டிபார்ட்மென்டே நான்தான்க்கா. அவர் வடை டிபார்ட்மென்ட்."

அன்று நான் எதற்கெல்லாம் கவலைப்பட்டேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். எண்ணெய் பொங்குமோ என்று, பேனா மை தீருமோ என்று, கூடத்தை வாடகைக்கு விட்ட பாதிரியார் கோபப்படுவாரோ என்று. இது ஒன்றுக்கு மட்டும் கவலைப்படவில்லை. கவலைப்பட ஒன்று இருக்கிறது என்றே தோன்றவில்லை.

தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே கையெழுத்து சேர்ந்தது. ஒவ்வொரு தாளின் அடியிலும், இவர்கள் எல்லோரும் என் கண் முன்னால் போட்டார்கள் என்று அக்கா உறுதிமொழி எழுதிக் கொடுத்தார். பிறகு டவுன் ஹாலிலிருந்து கூப்பிட்டார்கள்.

கிளார்க் அம்மையார் கோபக்காரர் இல்லை. எங்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். சில தாள்களை மேசையில் பரப்பி, அடுத்தடுத்து ஒரே கையில் எழுதியதுபோல இருக்கும் இடங்களைப் பென்சிலால் குறித்திருந்தார். வக்கீல், ஒரு வீட்டார் எழுத்து ஒன்றுபோல இருப்பது சகஜம் என்றார். அம்மையார் ஒரு வரியில் விரலை வைத்தார். என் பெயர். வாக்காளர் பட்டியலில் இருந்த என் கையெழுத்தைப் பக்கத்தில் வைத்தார். அது குடியுரிமை வாங்கிய வருஷம் நான் போட்டது, நண்டு ஊர்ந்ததுபோல இருக்கும். "இது உங்கள் கையெழுத்தா?" என்று கேட்டார்.

எனக்குப் புரிந்தது. ஆனாலும் மகள் மொழிபெயர்க்கட்டும் என்று அவளைப் பார்த்தேன். கொஞ்சம் நேரம் கிடைக்குமே என்றுதான்.

"அப்பா, அது உங்க சைனான்னு கேக்கறாங்க" என்றாள். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாக, "யெஸ் ஆர் நோ, அப்பா."

மனைவி குனிந்தபடியே சொன்னாள்: "ஆமான்னு சொல்லுங்க. ஒரு வார்த்தைதான்."

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்குப் பரீட்சை முடிவு வந்த அன்று பார்த்த அதே பார்வை. டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆமாம் என்றால் அந்த வரி நிற்கும். என் வரி நின்றால் மற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள். வகுப்பு தொடரும், நான் நாலாவது பரீட்சை எழுதுவேன். இதெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது. அதே நேரம் அரசாங்கத்திடம் பொய் சொன்னால் குடியுரிமை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. தெருவுக்கெல்லாம் ஒரே ஆள் ஓட்டுப் போட்ட அந்தப் பாடமும் நினைவுக்கு வந்தது. எதனால் சொன்னேன், பயத்தாலா, பாடத்தாலா என்று இன்றுவரை எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

"நோ," என்றேன். "மை வைஃப்."

அம்மையார் சந்தோஷப்பட்டுவிடவில்லை. பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு அக்காவிடம் திரும்பி, அடியிலுள்ள உறுதிமொழியைக் காட்டி, இவர்கள் எல்லோரும் உங்கள் முன்னால்தான் போட்டார்களா என்று கேட்டார். அக்கா முதலில் ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தார், எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள் என்று. பிறகு வார்த்தை வரவில்லை. என் மகளிடம் தமிழில் சொன்னார்: "எல்லாம் நம்ம ஆளுங்கதானம்மா. புருஷனும் பொண்டாட்டியும்தான. அதைச் சொல்லு."

மகள் சொன்னாள். அந்த உறுதிமொழி இருக்கும் தாள்களை எடுத்துக்கொள்ள முடியாது என்றார் அம்மையார். பத்து நாள் தவணை, அதற்குள் அவரவர் கையால் மறுபடி போட்டுக் கொண்டுவரலாம். வக்கீல் பேனாவை மூடினார்.

வெளியே பார்க்கிங்கில் அக்கா என் முதுகில் தட்டினார். "பரவால்லடே. உள்ளதைத்தான சொன்ன." தன் காரில் ஏறி உட்கார்ந்தார். நாங்கள் கிளம்பிப் போகும்வரை அந்தக் கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி ஓட்டினாள். பாதி தூரம் வந்தோம். பிறகு, "ஒரு ஆமால உங்களுக்கு என்ன கொறைஞ்சிருக்கும்?" என்றாள். கொஞ்சம் கழித்து, "இத்தனை வருஷம் உங்களுக்காகத்தான போட்டேன். இன்னைக்கு அது தப்பாயிருச்சு" என்றாள். அவள் சொன்னது இரண்டும் சரி.

அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை இல்லை. ஆனாலும் கூடத்தை எடுத்து எல்லோரையும் வரச் சொன்னார் அக்கா. அதற்குள் பார்சிப்பனியில் வேலை பார்க்கும் ஓர் அங்கிள் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார்: அடுத்தவர் கையெழுத்தைப் போடுவது குற்றம், பெயர் வெளியே வந்தால் இமிக்ரேஷனில் சிக்கல் வரலாம், எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கவும். கெட்ட எண்ணத்தில் எழுதியவர் இல்லை. என்னைப்போலப் பயந்தவர்தான், என்ன, அவர் படித்தவர் என்பதால் அவர் பயத்தை நாலு பேர் நம்பினார்கள்.

கொஞ்சம் பேர் வந்தார்கள். வந்தவர்களிலும் சிலர் மேசைப் பக்கமே வராமல் என்னிடம் வந்து நின்றார்கள்.

"தப்பா நினைக்காதீங்க பிரதர். அம்மாவுக்கு கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கோம். இந்த டைம்ல எதுக்கு ரிஸ்க்?"

"நீங்க போட்டது உங்க கையெழுத்துதான, உங்களுக்கு என்ன ரிஸ்க்?" என்றார் அக்கா மேசையிலிருந்து.

"என்னது என்னதுதான் அக்கா. அவளுக்கும் நான்தான போட்டேன். இப்ப அவ வந்து புதுசாப் போட்டா, அப்ப பழசு யாருன்னு கேப்பாங்கல்ல?"

அக்கா தாளை நேராக்கி வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நைட் ஷிப்ட் உடுப்போடு என் மனைவி வந்தாள். தன் கையெழுத்தைப் போட்டாள். வழக்கமாக அதே மூச்சில் அடுத்த வரிக்குப் போகும் கை, நின்றது. பேனாவை என் பக்கம் நகர்த்திவிட்டு, டீ எடுக்கப் போய்விட்டாள். நான் உட்கார்ந்து போட்டேன். பின்னால் நின்றவர் கடிகாரத்தைப் பார்த்தார். சுட்ட வடை அன்று நிறைய மிஞ்சியது.

பத்தாவது நாள் கொண்டுபோய்க் கொடுத்தோம். போதவில்லை.

கடைசி வகுப்பில் டீச்சர் சுவரிலிருந்து வரைபடத்தைச் சுருட்டினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னால்தான் இப்படி ஆனது என்று அவரிடம் சொல்ல நினைத்து, ஆங்கிலத்தில் வாக்கியத்தை மனதில் கட்டிக்கொண்டிருந்தபோது அவரே பேசினார். கையெழுத்துப் போட்டு ஓட்டுக் கேட்கும் உரிமையைக் கொடுத்தவர்களும் அந்தச் சீர்திருத்தக்காரர்கள்தான், அவரவர் கைதான் வேண்டும் என்ற விதியை வைத்தவர்களும் அவர்கள்தான் என்றார். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட முடியாது. பிறகு, "அன்றைக்கு நீங்கள் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அப்படி வேண்டிக்கொண்டேன்" என்றார். ஏணியிலிருந்து இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவு எடை இல்லை.

நான் வேறொன்று கேட்டேன். சட்டம் வந்த பிறகு அந்தக் கண்ணாடித் தொழிற்சாலைப் பையன் பள்ளிக்கூடம் போனானா?

யாருக்கும் தெரியாது என்றார். முதலில் ஒரு மாநிலத்தில் சட்டம் வந்தது, இன்னொன்றில் வரவில்லை, நாடு முழுவதற்கும் போட்ட சட்டத்தைக் கோர்ட் தள்ளியது, பிறகு வேறொன்று வந்து நிலைத்தது. "அதற்குள் அவன் வளர்ந்திருப்பான்" என்றார்.

வகுப்பை ஆன்லைனில் வைத்தார்கள். மகளின் லேப்டாப்பில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். சின்னச் சின்னப் பெட்டிகளில் முகங்கள். நடத்துகிறவர் யாரோ. கேள்வி கேட்க ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தினால் என் முகம் பெரிதாகத் தெரியுமோ என்று அழுத்தவேயில்லை. மூன்று வாரத்தில் விட்டுவிட்டேன். நாலாவது பரீட்சை இன்னும் எழுதவில்லை. பள்ளிக்கூடத்துப் பராமரிப்பு வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. நான் மளிகைக் கடையில்தான் இருக்கிறேன், முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டு.

அக்காவை யாரும் நேரில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த பூசையில் பாட்டுப் புத்தகத்தை வேறொருவர் எடுத்து வைத்திருந்தார். அதற்கடுத்த மாதம் அக்கா டெக்சாஸில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். பயணம் சொல்ல வரவில்லை. தீபாவளி சமயத்தில் நான்தான் போன் செய்தேன்.

"இங்க வெயில் நம்மூரு மாதிரியே அடிக்கிடே" என்றார். "மருமக நல்லாப் பாத்துக்கிடுதா." டேகேர் வேலை தேடினீர்களா என்று கேட்டேன். "இனி என்னத்துக்கு" என்றார். பிறகு வழக்கமான குரலில், "நீ பரீட்சை எழுதிட்டியா?"

"இல்லக்கா."

"எழுதுடே" என்றார்.

கட்டிடத்தைச் சுற்றி இப்போது கம்பி வேலி. வாசல் கல் எழுத்துகளை மட்டும் முன்சுவரில் அப்படியே வைக்கப்போவதாகப் பலகையில் போட்டிருக்கிறார்கள்.

வக்கீலுக்குக் கொடுக்க வேண்டிய ஃபீஸ் பாக்கி நின்றுவிட்டது. டீச்சர் தன் பங்கைக் கொடுத்தார், கூடப் படித்த இருவரும் முடிந்ததைக் கொடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் எழுதிய அந்த அங்கிள்கூட ஒருநாள் கடையில் பருப்பு வாங்க வந்தவர், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நூறு டாலரை என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனார். அக்காவின் பங்கை நான் அக்காவிடம் கேட்கவில்லை. என் பங்கோடு சேர்த்து மாதாமாதம் அனுப்புகிறேன். போன மாதம் வக்கீலே கூப்பிட்டு, மீதியை விட்டுவிடுங்கள், நான் கணக்கை முடித்துக்கொள்கிறேன் என்றார். மனைவியும், அவரே சொல்லுதாரே, விடுங்களேன் என்றாள்.

விட முடியவில்லை. அந்த ஒப்பந்தத்தில் ஐந்தாவதாக, நண்டு ஊர்ந்ததுபோல இருப்பது என் கை. வேறு யாரோ எனக்காகப் போட்டதல்ல அது. இந்த மாதம் அனுப்பியது போக, இன்னும் அறுநூற்று நாற்பது டாலர் பாக்கி.